மாடியில் நட்ட பூண்டு தாள் மட்டும் விடுகிறது, பல் வைக்கவில்லை. ஏன்?

கேள்வி, 2024 அக்டோபர் 14

அக்கா, பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டிவிட்டது. போன வருடம் சமையலறைக் கூடையில் முளைத்துக் கிடந்த பற்களை மாடியில் பையில் நட்டேன். எங்கள் வீடு திருச்சி. ஒரு முழத்துக்குத் தாள் வந்தது, பார்க்க அழகாக இருந்தது. நான்கு மாதம் கழித்துப் பிடுங்கினால் வெறும் வெள்ளைத் தண்டு. பல் பிரியவே இல்லை. உரம் போதவில்லையா, பை சின்னதா, விதை சரியில்லையா? நீங்கள் வருடா வருடம் போடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இந்த வருடம் எப்படிப் போடலாம்?

அக்டோபர் 14, இரவு

உரமும் இல்லை, பையும் இல்லை. ஊர்தான் காரணம். திருச்சியில் பூண்டு விளையாது. தாளை நறுக்கித் தோசையில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்.

அக்டோபர் 15

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் வெடுக்கென்று எழுதிவிட்டேன். காரணத்தையாவது சொல்லியிருக்க வேண்டும்.

பூண்டுப் பல் என்பது ஒரு மொட்டு. அது மண்ணுக்குள் போய் முதலில் வேர் விடும், தாள் விடும். அப்புறம் "இனி நான் பல்லாகப் பிரிய வேண்டும்" என்று முடிவெடுக்க அதற்கு இரண்டு விஷயம் வேண்டும். முதலில் சில வாரங்கள் நல்ல குளிர். அதற்குப் பின்னால் பகல் நீளவும் வெப்பம் ஏறவும் வேண்டும். குளிரே படாத பல், தாள் விட்டுக்கொண்டே இருக்கும். வெயில் ஏறியதும் களைத்துப்போய் வாடிவிடும். உன் பையில் நடந்தது இதுதான்.

திருச்சியில் மார்கழி இரவில்கூட 20 டிகிரிக்குக் கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருக்கும். பகல் நீளமும் நம் பக்கம் பெரிதாக மாறுவதில்லை. ஆண்டின் மிக நீண்ட பகல் ஜூன் 21-ஐ ஒட்டி வரும். அதுகூடத் தமிழ்நாட்டில் 13 மணி நேரத்தை எட்டாது. நான் இருக்கும் கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். பகல் நீளம் உனக்கும் எனக்கும் ஒன்றுதான், ஆனால் இங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் 10 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். வித்தியாசம் அந்தக் குளிரில்தான்.

அக்டோபர் 17

ஓசூரிலிருந்து ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். "எங்கள் வீட்டில் சின்னதாக இருந்தாலும் பல் பிரிந்த பூண்டு வந்தது, விளையாது என்று எப்படிச் சொல்லலாம்?" என்கிறார். சொல்லியிருக்கக் கூடாதுதான். ஓசூர் 900 மீட்டருக்குப் பக்கம், இரவில் குளிரும். திருச்சியும் ஓசூரும் ஒன்றல்ல.

என் சொந்தக் கதையையும் மறைத்துவிட்டேன். 2019-இல் கோத்தகிரி வருவதற்கு முன் பதினான்கு வருடம் கோயம்புத்தூரில் மொட்டைமாடியில் செடி வைத்தவள் நான். மூன்று முறை பூண்டு போட்டேன். முதல் இரண்டு முறை உன் கதைதான். மூன்றாவது முறை விதைப் பற்களைக் காகிதப் பையில் கட்டி, குளிர்பெட்டியில் காய்கறி வைக்கும் கீழ்த் தட்டில் நாற்பது நாள் வைத்துவிட்டு நவம்பர் கடைசியில் நட்டேன். முப்பது பல் போட்டதில் ஒன்பது உருண்டன. அதில் நான்கில்தான் பல் பிரிந்தது, மீதி ஐந்தும் கோலிக்குண்டு மாதிரி ஒற்றைப் பூண்டு. மாமியார் பார்த்துவிட்டு "இதுக்கு எவ்வளவு கரண்ட் செலவு?" என்று கேட்டார்.

ஆக, விளையாது என்பதை மாற்றிக்கொள்கிறேன். குளிரை நீ கொடுத்தால் கொஞ்சம் விளையும். கணக்குப் பார்த்தால் கட்டாது. ஆசைக்குச் செய்யலாம்.

அக்டோபர் 17, சற்று பின்

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. உறைபெட்டியில் வைக்காதே. 5 முதல் 10 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அதுதான் பூண்டை உசுப்பும் குளிர். இதனால்தான் சமைக்க வாங்கும் பூண்டைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது என்பது. வைத்தால் பச்சைக் குருத்து எட்டிப் பார்க்கும். விதைக்கு நல்லது, குழம்புக்குக் கெட்டது.

ரொம்ப நாளும் வைக்காதே. ஆறு வாரம் போதும். அதிகக் குளிர் பட்டால் பக்கக் குருத்து விட்டுப் பூண்டு கோணல்மாணலாக வரும்.

அக்டோபர் 20

விதை எங்கே வாங்குவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

கடைப் பூண்டை நடலாமா? நடலாம். ஆனால் அது எங்கே பிறந்தது என்று தெரிய வேண்டும். சின்னப் பல்லாக, தோல் வெள்ளையாக வருவது பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்து மந்த்சௌர், நீமச் பக்கத்துச் சரக்கு. பெரிய பல்லாக இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு "மலைப்பூண்டு" என்று விற்கிறார்கள். அதில் நிறைய இமாசலப் பிரதேசத்திலிருந்து, குலு, சிர்மௌர் பக்கமிருந்து வருவது. அதுவும் மலைதான், பொய் இல்லை. ஆனால் அங்கே குளிரும் பகல் நீளமும் வேறு. அந்தப் பல்லை இங்கே நட்டால் தாள் தழைத்துக்கொண்டே இருக்கும். 2020-இல் பெரிய பல்லைப் பார்த்து மயங்கி ஒரு பாத்தி முழுக்க அதைத்தான் போட்டேன். ஏழு மாதம் காத்திருந்துவிட்டுப் பிடுங்கிப் போட்டேன்.

நம் பக்கத்துப் பூண்டு என்றால் நீலகிரியும் கொடைக்கானலும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளைவது. தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும். நீலகிரிப் பூண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும். வடக்கிலிருந்து வியாபாரிகள் விதைக்கென்றே வந்து மேட்டுப்பாளையத்தில் ஏலம் எடுப்பார்கள், அந்த நாட்களில் எங்கள் பூண்டு எங்களுக்கே கிடைக்காது. வேளாண் பல்கலைக்கழக ரகம் வேண்டுமென்றால் ஊட்டி 1 என்று கேட்டுப் பாருங்கள்.

சீனப் பூண்டை நடாதீர்கள். பூஞ்சைப் பிரச்சினையால் 2014-இல் இருந்து அதன் இறக்குமதிக்கே தடை. அது எப்படியோ உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்பது வேறு கதை.

அக்டோபர் 27

தம்பி, ஜூன் மாதமே நட்டிருக்கலாமே என்று கேட்டாய். மலையில் இரண்டு போகம் உண்டு. ஜூன், ஜூலையில் ஒன்று, அக்டோபர், நவம்பரில் ஒன்று. கோத்தகிரி நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருப்பதால் எங்களுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஜூனில் நட்டால் சரியாக அந்த மழைக்குள் பிடுங்க வேண்டியிருக்கும். பிடுங்குவது பெரிதில்லை, காயவைக்க வெயில் வேண்டாமா? முதல் வருடம் அப்படித்தான் நான்கு கிலோ பூண்டு வராந்தாவில் கிடந்தே பூசணம் பிடித்தது. அதற்கப்புறம் நான் இரண்டாம் போகக்காரி. தொழிலாக விவசாயம் செய்பவர்கள் கணக்கு வேறு, அவர்கள் விலை பார்த்து நடுவார்கள்.

இப்போது மழை விடவில்லை. தீபாவளி முடிந்துதான் மண்வெட்டியைத் தொடுவேன்.

நவம்பர் 3

நட்டாயிற்று. விதைப் பூண்டு ஒரு கிலோ 480 ரூபாய். அதில் 162 பல் தேறியது. பெரிய வெளிப் பற்கள் மட்டும். உள்ளே ஊசியாக இருக்கும் பற்கள் ரசத்துக்கு. பல் பெரிதாக இருந்தால்தான் பூண்டு பெரிதாகும், இதில் இரக்கம் பார்க்காதீர்கள். உரித்து நட வேண்டாம். தோல் இருக்கட்டும். முந்தின நாளே பல் பிரித்து வைத்தால் போதும், வாரக்கணக்கில் பிரித்து வைத்தால் அடித் தட்டு காய்ந்துவிடும், அங்கிருந்துதான் வேர் வர வேண்டும்.

மேட்டுப்பாத்தி. மூன்று மாதம் மக்கிய தொழு உரம் நான்கு கூடை, வேப்பம் புண்ணாக்கு இரண்டு கிலோ. வரிசைக்கு வரிசை ஒரு சாண் இல்லை, அதைவிடக் குறைவு, 15 சென்டிமீட்டர். பல்லுக்குப் பல் 10. ஆழம் இரண்டு விரல்கட்டை. கூர் முனை மேலே, தட்டை முனை கீழே.

கடைசி வரி தெரியாதா என்று சிரிப்பீர்கள். போன வருடம் என் வீட்டுக்காரர் உதவி செய்கிறேன் என்று ஒரு வரிசை முழுக்கத் தலைகீழாக நட்டார். முளைக்கும், சாகாது. குருத்து கீழே இறங்கி, வளைந்து, மேலே ஏறி, கழுத்து ஒடிந்த கொக்கு மாதிரிப் பூண்டு. அந்த வரிசைக்கு அவர் பெயரையே வைத்தோம்.

நவம்பர் 12

முளைத்தது. 162-க்கு 156.

டிசம்பர் 1

திருச்சித் தம்பி எழுதியிருக்கிறான்: இருபது பல், நாற்பத்திரண்டு நாள் குளிர்பெட்டியில் இருந்தது, இன்று பையில் நட்டாயிற்று. அவன் அம்மா "பூண்டுக்குக் குளிர்பெட்டி, எனக்கு வெந்நீர்ப் பை" என்றாராம். அம்மாவுக்கு என் வணக்கம்.

டிசம்பர் 4

புயல் கரை கடந்த பிறகு இங்கேயும் நல்ல மழை. பாத்தியின் கீழ் ஓரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. ஒன்பது செடி அடியில் அழுகி, தொட்டால் கையோடு வருகிறது. 147. மேட்டுப்பாத்தி போட்டேன் என்று பெருமையாக எழுதினேன், ஓரத்தில் வடிகால் வெட்ட மறந்ததை எழுதவில்லை. இன்று வெட்டினேன்.

டிசம்பர் 8

தோட்டத்தில் வேலை இல்லை, வம்பு பேசலாம்.

பூண்டு காய்கறியா, மசாலாப் பொருளா? ஓசூர்க்காரர் மசாலா என்கிறார். மத்தியப் பிரதேசத்தில் இது நீதிமன்றம் வரை போனது. எந்தச் சந்தையில் விற்பது, யாருக்குத் தரகு என்பதுதான் உள்ளே இருந்த விவகாரம். இந்த வருடம்தான் உயர் நீதிமன்றத்தின் இந்தூர் அமர்வு, பூண்டு அழுகும் பொருள், ஆகவே காய்கறி என்று சொன்னது. காய்கறிச் சந்தை, மசாலாச் சந்தை இரண்டிலும் விற்கலாம் என்றும் சொல்லிவிட்டது. அழுகும் என்பதற்கு என் வராந்தாவையே சாட்சிக்கு அழைத்திருக்கலாம்.

என் பாட்டியைக் கேட்டால் இரண்டும் இல்லை, மருந்து என்பாள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு வதக்கி நல்லெண்ணெயோடு சோற்றில் பிசைந்து கொடுப்பாள். பூண்டுப் பால், பூண்டு லேகியம். எனக்கு மூத்தவன் பிறந்தபோது நாற்பது நாள் இதுதான். அதற்குப் பிறகு ஒரு வருடம் பூண்டு வாசனை பட்டாலே எழுந்து போய்விடுவேன். இப்போது பூண்டு வளர்க்கிறேன்.

2025 ஜனவரி 5

இப்போது எல்லோரும் ஒரே கேள்வி: என்ன உரம் விடலாம்? சொல்வது கசப்பாக இருக்கும். ஒன்றும் விடாதீர்கள்.

நட்டு முப்பதாவது நாளில் ஒரு முறை, நாற்பத்தைந்தில் ஒரு முறை மேலுரம். அதோடு சரி. இரண்டு வருடம் முன் செடி வெளிறித் தெரிந்தது என்று மூன்றாம் மாதத்தில் சாணக் கரைசலை ஊற்று ஊற்று என்று ஊற்றினேன். கரும்பச்சையாகத் திமிறிக்கொண்டு வந்தது. பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இருக்கும் பெரியம்மா வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, "கொழுப்பேறிப் போச்சு, இனி பல்லு சேராது" என்றார். அப்படியே ஆனது. பூண்டுக்குள்ளேயே பற்கள் மறுபடி முளைத்து, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு தாள், துடைப்பம் மாதிரி. பல் வைக்கும் நேரத்தில் தழைச்சத்து கொடுத்தால் அது பல் வைக்காது, மறுபடியும் தாளாகவே வளரும்.

மூடாக்கு போடுங்கள். நான் காய்ந்த புல்லைப் பரப்பியிருக்கிறேன். பூண்டு வேர் மேலாகவே ஓடும். களைக்கொத்தால் கிளறினால் வேர் அறுபடும், களையைக் கையால்தான் பிடுங்க வேண்டும்.

ஜனவரி 16

பொங்கலுக்கு மகன் குடும்பத்தோடு வந்தான். பத்துச் செடியைத் தாளோடு பிடுங்கி, முட்டையோடு வதக்கினேன். பூண்டுத் தாளை வெங்காயத்தாளுக்குப் பதிலாக நினைக்காதீர்கள், வாசனை மென்மையாக, ஆனால் பூண்டாகவே இருக்கும். சமவெளிக்காரர்களுக்கு நான் முதல் நாள் எரிச்சலில் சொன்னது உண்மையிலேயே நல்ல யோசனைதான். தாளுக்காகவே நெருக்கமாக நடுங்கள், குளிர் தேவையில்லை, நாற்பது நாளில் வெட்டலாம், இரண்டு முறை தழையும்.

மருமகள் கேட்டாள், உரித்த பூண்டு மிஞ்சினால் என்ன செய்வது என்று. நல்லெண்ணெயில் போட்டு அலமாரியில் வைத்துவிடு, ஆறு மாதம் கெடாது என்றேன்.

ஜனவரி 19

நேற்று இரவு காட்டுமாடு. மூன்று வந்திருக்கும் போல, குளம்புத் தடம் பாத்திக்கு நடுவே. பூண்டைத் தின்னவில்லை, முகர்ந்துகூடப் பார்த்திருக்காது. பக்கத்துப் பாத்தி முட்டைக்கோசுக்குப் போகிற வழியில் பூண்டு மேல் நடந்திருக்கிறது. 17 செடி போயிற்று. பூண்டு வாசனைக்கு மிருகம் வராது என்று யாரோ எழுதியிருந்தார்கள். அவரை என் வீட்டில் ஒரு வாரம் தங்கவைக்க ஆசை.

147-இல் பொங்கலுக்குப் பத்து, காட்டுமாட்டுக்குப் பதினேழு. 120.

பிப்ரவரி 9

தாளில் வெள்ளி பூசினது போலக் கோடு. இலைப்பேன். மழை நின்று வறட்சி ஆரம்பித்ததும் வரும். குருத்தின் இடுக்கில் விரித்துப் பார்த்தால் நகக்கண் அளவுகூட இல்லாமல் மஞ்சளாக ஓடும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு அடித்தேன், மாலையில். அதைவிட உபயோகமாக இருந்தது மூன்று நாளைக்கு ஒரு முறை தாளில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சியது.

தம்பி கேட்டது: "எழுபது நாள் ஆச்சு அக்கா, பல் வைக்கிறதா என்று எப்படித் தெரியும்?" செடியை ஒட்டி விரலால் மண்ணை ஓரமாக ஒதுக்கு. தண்டு நேராக மண்ணுக்குள் இறங்கினால் இன்னும் இல்லை. அடியில் தோள் மாதிரி அகன்றிருந்தால் ஆரம்பித்துவிட்டது. பார்த்துவிட்டு மண்ணை மூடு. தினமும் தோண்டிப் பார்க்கக் கூடாது. நான் பார்ப்பேன், அது வேறு.

பிப்ரவரி 23

தண்ணீரை நிறுத்திவிட்டேன். பிடுங்குவதற்கு இரண்டு வாரம் முன் நிறுத்த வேண்டும். மண் ஈரமாக இருந்தால் வெளித்தோல் கறுத்து அழுகும், சேமிக்க முடியாது.

மார்ச் 2

எப்போது பிடுங்குவது? நடுவதை யாரும் கெடுப்பதில்லை, தலைகீழாக நட்டால்கூட ஏதோ ஒன்று வரும். கெடுவதெல்லாம் இந்தப் பத்து நாளில்தான்.

2021-இல் அவசரம். பாதித் தாள் பச்சையாக இருக்கும்போதே பிடுங்கிவிட்டேன். பூண்டு இருந்தது, தோல் ஈரக் காகிதம் மாதிரி, பற்கள் தடித்த சதைக்குள் புதைந்து பிரியாமல். இரண்டு மாதத்தில் சுருங்கிப் போயிற்று. 2022-இல் அந்தப் பயத்தில் பொறுத்தேன். தாள் எல்லாம் வைக்கோலாகச் சாயும்வரை காத்திருந்து பிடுங்கினால், தாள் கையோடு வந்தது, பூண்டு வரவில்லை. தோண்டி எடுத்தால் வெளித்தோல் மண்ணிலேயே மக்கி, பற்கள் வாய் பிளந்து தனித்தனியாக உதிர்ந்து கிடந்தன. உருளைக்கிழங்கு பொறுக்குகிற மாதிரிப் பல் பொறுக்கினேன்.

அப்புறம்தான் ஹட்டிப் பெரியம்மா சொல்லிக் கொடுத்தார். தாளை எண்ணு என்றார். பூண்டின் ஒவ்வொரு தாளும் கீழே இறங்கி, பூண்டைச் சுற்றும் ஒரு தோலாகிறது. தாள் காய்ந்தால் அந்தத் தோல் காய்ந்து, மக்க ஆரம்பிக்கும். பச்சைத் தாள் எத்தனை மிச்சமோ அத்தனை நல்ல தோல் மிச்சம். கீழிருந்து மூன்று, நான்கு தாள் காய்ந்து, மேலே ஐந்தாறு பச்சையாக நிற்கும்போது பிடுங்க வேண்டும். முழுக்கக் காய்ந்தால் உடுத்தத் துணி இல்லை என்பது அவர் சொன்ன கணக்கு.

எனக்கு இதைச் சொல்லாமல் இரண்டு வருடம் வேலிக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். கேட்டேன். "நீ கேக்கலையே" என்றார்.

மார்ச் 3

நான்கைச் சோதனைக்குப் பிடுங்கி, குறுக்கே வெட்டிப் பார்த்தேன். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே கோடு தெளிவாக இருக்கிறது, நடுத்தண்டு சுருங்கி இடைவெளி விழுந்திருக்கிறது. இன்னும் ஒரு வாரம். 116.

மார்ச் 9

பிடுங்கியாயிற்று. 126-ஆவது நாள். முள்கரண்டிக் கொத்தால் பக்கத்தில் மண்ணை நெம்பிவிட்டு, தாளைப் பிடித்து மேலே. முதுகு ஒடிந்துவிட்டது. மீதி நாளை.

மார்ச் 10

நாளை என்றது இதுதான்.

பிடுங்கினதும் மண்ணைத் தட்டாதீர்கள். ஒன்றோடு ஒன்று மோதி மண்ணை உதிர்க்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. பூண்டு அந்த நேரத்தில் முட்டை மாதிரி, அடிபட்ட பல் உள்ளே பழுத்து, அடுத்த பல்லையும் கூட்டிக்கொண்டு போகும். கழுவவும் கூடாது. ஒரு நாள் பாத்தியிலேயே, ஒன்றின் தாளால் இன்னொன்றின் பூண்டை மூடியபடி அடுக்கி வைக்க வேண்டும். மலை வெயில் இதமாகத் தெரியும், ஆனால் நேராகப் பட்டால் பூண்டு வெந்துவிடும், பச்சையும் ஏறும்.

அப்புறம் பத்துப் பத்தாகத் தாளோடு முடிந்து, காற்றோடும் இடத்தில், நிழலில் தொங்கவிட வேண்டும். மூன்று வாரம். தாளை இப்போதே வெட்டாதீர்கள். ஹட்டியில் விறகடுப்புக்கு மேலே பரணில் கட்டுவார்கள். புகை படிந்த பூண்டு அடுத்த நடவு வரை சிணுங்காது என்பார் பெரியம்மா. என்னிடம் காஸ் அடுப்புதான். வராந்தா உத்திரத்தில் தொங்குகிறது. வீட்டுக்குள் வருகிறவர்கள் எல்லோரும் ஒரு முறை தும்மிவிட்டுத்தான் வருகிறார்கள்.

மார்ச் 16

காய்ந்தால் எடை எவ்வளவு குறையும் என்று கேட்டிருந்ததற்குக் கால் பங்கு என்று தனியாகப் பதில் சொல்லியிருந்தேன். அது தாள் நீக்கிய பூண்டுக்கு. தாளோடு நிறுத்தால் பாதியாகும். திருத்திக்கொள்ளவும்.

மார்ச் 22

ஜனவரி 16-இல் எழுதிய எண்ணெய் யோசனையை யாராவது செய்திருந்தால் எடுத்துக் கொட்டுங்கள். மருமகள் செவிலியர், அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் ஊருக்குப் போய், இரண்டு மாதம் கழித்து நேற்றுப் போனில் பிடித்துக்கொண்டாள். பூண்டு மண்ணில் வளர்வது. அதோடு குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து ஒட்டியிருக்கலாம். காற்றில் அது சும்மா கிடக்கும். எண்ணெயில் மூழ்கிக் காற்று அடைபட்டு, புளிப்பும் இல்லாமல், வெதுவெதுப்பாக அலமாரியில் இருந்தால் நஞ்சை உண்டாக்கும். வாசனையிலோ நிறத்திலோ தெரியாது. நரம்பைத் தாக்கும் நஞ்சு, உயிருக்கே ஆபத்து.

ஊறுகாய் வேறு. எலுமிச்சைச் சாறும் புளியும் இருக்கும் புளிப்பில் அந்தக் கிருமி வளராது. பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு வெளியே வைக்கக் கூடாது, அவ்வளவுதான். மிஞ்சினால் உறைபெட்டி. நான் இதை வருடக்கணக்காகச் செய்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. நல்ல காலம்.

மார்ச் 25

சேலத்திலிருந்து ஒருவர்: எலுமிச்சைச் சாற்றில் போட்ட பூண்டு நீலப் பச்சையாக மாறிவிட்டதாம், மேலே படித்ததும் பயந்து கொட்டிவிட்டாராம். ஐயோ, அதைக் கொட்டியிருக்க வேண்டாம். பூண்டின் கந்தகச் சத்து புளிப்போடு சேர்ந்து செய்கிற நிறம் அது. குளிரில் இருந்த பூண்டில் இன்னும் அதிகமாகத் தெரியும். சாப்பிடலாம். நான் பயமுறுத்தியதில் ஒரு பாட்டில் ஊறுகாய் போயிற்று, மன்னிக்கவும்.

ஏப்ரல் 6

கணக்கு முடிந்தது. வேரையும் தாளையும் வெட்டி, விரலால் மேல் மண்தோலை மட்டும் உருவி, நிறுத்தேன். 116 பூண்டு, 3 கிலோ 100 கிராம். பெரிய 25-ஐ விதைக்கு எடுத்து வைத்துவிட்டேன். தின்னத் தோன்றுவதைத்தான் விதைக்கு எடுக்க வேண்டும் என்பதால் வருடா வருடம் இந்த இடத்தில் கை தயங்கும்.

விதை 480 ரூபாய். புண்ணாக்கு, வேப்பெண்ணெய் தனி. அறுவடை வருவதற்குள் வடக்கிலிருந்து புதுச் சரக்கு வந்து, கோத்தகிரிக் கடையில் பூண்டு கிலோ 120-க்கு இறங்கிவிட்டது. என் மொத்த விளைச்சலின் மதிப்பு 372 ரூபாய். வீட்டுக்காரர் இதை நாட்காட்டியின் பின்னால் எழுதி, கீழே கோடு போட்டு, கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறார்.

தம்பி தன் பையைக் கவிழ்த்திருக்கிறான். இருபதில் பதினொன்று வெறும் தண்டு. ஏழு ஒற்றைப் பூண்டு, சின்ன எலுமிச்சங்காய் அளவுக்குள். இரண்டில் நான்கு நான்கு பல். கோயம்புத்தூரில் எனக்கு வந்ததைவிட விகிதம் நல்லது, உள்ளபடியே பொறாமை. தம்பி, அந்த ஒற்றைப் பூண்டுகளைத் தின்னாதே. அதை முழுதாக, ஒரு பெரிய பல் என்று நினைத்து, துணியில் முடிந்து காற்றில் வை. அக்டோபரில் மறுபடி குளிர்பெட்டி, நவம்பர் கடைசியில் நடவு. அந்த அளவு கனமான விதைக்குப் பல் பிரிய வாய்ப்பு அதிகம்.

ஏப்ரல் 6, இரவு

பதில் வந்தது. அவன் அம்மா நேற்றே பூண்டுக் குழம்பு வைத்துவிட்டாராம். உரிக்க வசதியாக இருந்தது என்று ஒற்றைப் பூண்டைத்தான் முதலில் எடுத்தாராம். குழம்பு பிரமாதமாம்.

இரண்டு மிச்சமிருக்கிறது என்கிறான். அந்த இரண்டையும் இப்போதே சமையலறையை விட்டு வெளியே கொண்டுபோ.